மருந்து இல்லாத மாதங்களின் மிச்சம்

இன்று காலை ஊசி போடும் அறையைக் கடக்கும்போது ஸ்பிரிட் வாசம் அடித்தது. ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை செய்கிறவளுக்கு அது ஒரு புதினமில்லை. ஆனால் இன்று கிளினிக் நாள். கதவு திறந்திருந்தது. தாதி ஒருத்தி பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசையில் பென்சிலின் ஊசிப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. உனக்கு மாதா மாதம் போட வேண்டியிருந்த அதே ஊசி. பல பெட்டிகள் இன்னும் உடைக்கப்படவில்லை. இப்போது தாராளமாக இருக்கிறது. இதை உனக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் சந்தித்தது ஒரு சனிக்கிழமை வகுப்பில். சுகாதார சேவைகளுக்கான நிதி முகாமைத்துவம் என்ற அந்தப் பாடநெறிக்கு என்னை என் ஆஸ்பத்திரியும் உன்னை உன் அலுவலகமும் அனுப்பியிருந்தன. விருப்பமா என்று இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. நான் வவுணதீவிலிருந்து ஸ்கூட்டியில் வெள்ளென வந்து கடைசி வரிசையில் இருந்தேன். நீ குருக்கள்மடத்திலிருந்து பஸ்ஸில் வந்து, சுணங்கி, மூச்சு வாங்கியபடி என் பக்கத்தில் இருந்தாய். பாடக் குறிப்புக்குக் கீழே நான் ஒரு நாவலை வைத்திருந்ததைக் கண்டுவிட்டாய்.

"என்னகா, கீழ இரிக்கிறது நல்லாயிரிக்கா, மேல இரிக்கிறது நல்லாயிரிக்கா?"

நான் நாவலை இன்னும் உள்ளே தள்ளினேன். அறிமுகமில்லாதவர்களோடு கதைக்க எனக்கு வராது என்பதை நீ பிறகுதான் தெரிந்துகொண்டாய். அன்று நீயாகவே, "மேல இரிக்கிறத நான் பாக்கிறன். கீழ இரிக்கிறத நீ முடிச்சிட்டுக் கதையச் சொல்லு" என்றாய். அந்த ஒப்பந்தம் வருடம் முழுக்க நீடித்தது. நான் கதை சொன்னேன். நீ எனக்குக் கணக்கு சொல்லித்தந்தாய்.

நமக்குப் படிப்பித்தவர் ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர். கோபக்காரர் இல்லை. நாம் எல்லோரும் அவரை சேர் என்றோம், அவர் நம்மை மகள், தம்பி என்றார். ஒருநாள் அலகுச் செலவு படிப்பித்தார். ஒரு நோயாளிக்கு ஒரு ஊசி போட ஆஸ்பத்திரிக்கு என்ன செலவாகும் என்று வகுப்பே கூடிக் கணக்குப் பார்த்தது. மருந்தின் விலை, சிரிஞ், பஞ்சு, தாதியின் சம்பளத்தில் சில நிமிடங்கள், மின்சாரத்தில் ஒரு துளி, கட்டடத்தின் தேய்மானத்தில் ஒரு துளி. சேர் கரும்பலகையில் எல்லாவற்றையும் கூட்டிக் கீழே இரட்டைக் கோடு போட்டார். நீ எழும்பினாய்.

"சேர், ஒரு செலவ விட்டுட்டீங்க."

"என்னத்த விட்டன்?"

"ஊசி போட்டுக்கொள்ற ஆளிட செலவு. குருக்கள்மடத்தில இருந்து வந்து போற பஸ் காசு, அரை நாள் லீவு. மறுகா ரெண்டு நாளைக்கி கதிரையில ஒழுங்கா இருக்க ஏலாது."

"இருக்க ஏலாதெண்டா?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பிக் கேட்டார்.

"போடுற இடம் அப்படி, அண்ணன்."

வகுப்பு சிரித்து அடங்க நேரமெடுத்தது. சேரும் சிரித்தார். "அது நோயாளிட செலவு மகள். நம்மட செலவில்ல."

"அப்ப எந்தத் தலைப்புல போடுற சேர்?"

"ஒரு தலைப்புலயும் இல்ல. இருந்து எழுதுங்க."

தேத்தண்ணி இடைவேளையில், வாவியைப் பார்த்த அந்த வராந்தாவில்தான் சொன்னாய். சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் உன் இருதயத்தின் ஒரு வால்வில் தழும்பை விட்டுப் போயிருந்தது. அந்தக் காய்ச்சல் மறுபடி வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமல் தடுப்பதற்காகப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதா மாதம் ஊசி. நீ அதை வருத்தம் என்று சொல்லவில்லை. சவர்க்காரம், அரிசி போல மாதச் சாமான்களில் ஒன்று என்றாய். "விலை குறைஞ்ச மருந்துகா. இவ்வளவு விலை குறைஞ்ச சாமானால ஒரு ஆள் உயிரோட இரிக்கிறது எனக்கே வெக்கமா இரிக்கு."

அடுத்த பாடம், ஒரு ஆஸ்பத்திரி அடுத்த வருடத்துக்கு எவ்வளவு மருந்து கேட்க வேண்டும் என்பது. போன வருடம் கொடுத்த அளவை எடு, கொஞ்சம் கூட்டு, அதுதான் மதிப்பீடு. எளிமையாகவே இருந்தது. நானும் நீயும் அதைக் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டோம்.

பிறகுதான் டொலர் இல்லாமல் நாட்டில் எல்லாம் நின்றது. பெற்றோலுக்கு வரிசை, காஸ் சிலிண்டருக்கு வரிசை, பாதி பஸ்கள் ஓடவில்லை. வகுப்பும் விட்டு விட்டு நடந்தது. ஒரு சனிக்கிழமை நீ வந்து, உன் கிளினிக்கில் ஊசி முடிந்துவிட்டது என்றாய். கவுண்டரில் அடுத்த கிழமை வந்து பார்க்கச் சொன்னார்களாம். ஏழு நாள் பொறுத்து அடுத்த கிழமையும் போனாய். அப்போதும் அடுத்த கிழமை என்றார்கள். மூன்றாவது முறை பஸ் இல்லாமல் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ போய்வந்து, அன்று மாலை எனக்குக் கோல் எடுத்தாய். உன் குரலில் அன்றுதான் முதல்முறையாகப் பகிடி இருக்கவில்லை.

"இல்லையெண்டு சொன்னா நான் வேற இடம் தேடுவன். வரும் எண்டு சொன்னா இருந்து பாப்பன். எனக்கு இந்த இருந்து பாக்கிறதுக்குத்தான் பயம், புள்ள."

நானும் தேடினேன். கோல் எடுப்பதை வெறுக்கிறவள், தெரிந்த பார்மசிகளுக்கெல்லாம் எடுத்தேன். காத்தான்குடியில் ஒரு கடைக்காரர் மாத்திரம் நின்று பதில் சொன்னார். "தங்கச்சி, காசு இரிந்தாலும் சாமான் இல்ல. வந்தா மொதல் கோல் ஒங்களுக்குத்தான்." சொன்னபடியே ஒருமுறை எடுத்தார். அந்த மாதம் உனக்கு ஊசி கிடைத்தது. பிறகு டொக்டர் ஊசிக்குப் பதிலாகக் குளிசை எழுதித் தந்தார். குளிசை இருந்தவரை விழுங்கினாய். அதுவும் முடிந்தது.

வருடக் கடைசியில் நமக்கு இறுதி வேலை தந்தார்கள். இருவர் இருவராக, ஒரு கிளினிக்கின் ஒரு வருடச் செலவை எடுத்து, ஒதுக்கிய பணத்தோடு ஒப்பிட்டு வகுப்பின் முன் விளக்க வேண்டும். நாம் என் ஆஸ்பத்திரியின் கிளினிக்கை எடுத்தோம். வவுணதீவுக்கு உள்ளே, வயல் வட்டைகளுக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து ஆட்கள் வரும் கிளினிக். அங்கேயும் உன்னைப்போல மாதா மாதம் ஊசிக்கு வருகிறவர்கள் இருந்தார்கள், அவர்களில் அநேகர் பிள்ளைகள். அங்கேயும் ஊசி இருக்கவில்லை.

விளக்கம் சொல்லும் நாளில் உனக்குக் காய்ச்சல். ஒரு முழங்கால் வீங்கி, சாறியை ஒருபக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாய். "அடுத்த கிழமை செய்வம்" என்றேன். "அடுத்த கிழமை மற்றக் கால் வீங்கும்" என்றாய்.

நான் படத்தைத் திரையில் போட்டேன். ஒதுக்கிய பணத்துக்கு ஒரு தூண், செலவழித்த பணத்துக்கு ஒரு தூண். இரண்டாவதின் உயரம் மிகவும் கட்டை. சேர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்து, மனதாரச் சந்தோஷப்பட்டார்.

"பாருங்க எல்லாரும். இந்தக் கஷ்டத்திலயும் ஒதுக்கினத விடக் குறைச்சிச் செலவழிச்சிரிக்காங்க. இதுதான் கட்டுப்பாடு. நல்ல மிச்சம்."

நீ மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"இது ஆருட மிச்சம் சேர்?"

"என்ன மகள்?"

"ஊசி வரல்ல. வந்த ஆக்கள் திரும்பிப் போனாங்க. அதுதான் காசு மிஞ்சினது. இந்தக் கட்டைத் தூண வெச்சித்தானே வாற வருசத்துக்கும் எஸ்டிமேட் எழுதப்போறம்? அப்ப ஒரு வருசம் பட்டினி கிடந்தா, அடுத்த வருசம் இவங்களுக்குப் பசி குறைஞ்சிட்டு எண்டு எழுதுற மாதிரித்தானே?"

வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதை நான் இன்றைக்கும் குற்றமாக எடுக்கவில்லை. "நீங்க சொல்றது எனக்கு விளங்குது புள்ள. ஆனா இல்லாத மருந்துக்கு வவுச்சர் இல்ல. வவுச்சர் இல்லாத ஒண்ட நான் எப்படிக் கணக்கில எடுக்கச் சொல்லித்தாற?"

நமக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. அது உனக்குத் தெரியவந்தபோது நீ மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தாய்.

காய்ச்சல் மறுபடி வந்திருந்தது. எதைத் தடுக்கப் பள்ளிக்கூட நாளிலிருந்து ஊசி போட்டுக்கொண்டாயோ, அதே காய்ச்சல். வால்வு மோசமாகிவிட்டது, கொழும்புக்கு அனுப்பி சத்திர சிகிச்சை செய்ய வேண்டும், அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது என்றார்கள். நான் வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வந்து, பார்வையாளர் நேரம் முடியும்வரை உன் கட்டிலருகே இருப்பேன். தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி வைத்தால்தான் உனக்கு மூச்சு வரும். நான் பழக்கத்தில் ஒரு நாவலின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அதில் ஒரு ஆள் சாகக் கிடக்கிறார். நான் சட்டென்று நிறுத்தினேன். நீ கண்டுபிடித்துவிட்டாய்.

"சொல்லு. உன்ட புத்தகங்களில சாகிற ஆக்கள் பக்கம் பக்கமாக் கதைக்கிறாங்க. எனக்கு ஒரு வசனத்துக்கே மூச்சு காணுதில்ல."

இன்னொரு நாள், நான் எழும்பும் நேரத்தில், என் கையைப் பிடித்துச் சொன்னாய். "எஸ்டிமேட் எழுதக்குள்ள, வந்து திரும்பின ஆக்களையும் எழுது." அவ்வளவுதான். அது கடைசிச் சொல் என்று நான் அலங்கரிக்க மாட்டேன். அதற்குப் பிறகும் நீ பல நாள் கதைத்தாய். அநேகமாகத் தண்ணீர் கேட்டாய், அல்லது ஜன்னலைத் திறக்கச் சொன்னாய்.

கொழும்பிலிருந்து திகதி வருமுன் நீ போய்விட்டாய். உங்கள் வீட்டு முற்றத்தில் போட்டிருந்த பந்தலுக்குள் உன் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு ஒன்றையே சொன்னா. "அடுத்த கிழமை வரச் சொல்லிரிக்காங்க அம்மா, அடுத்த கிழமை வரச் சொல்லிரிக்காங்க எண்டுதானே மகள் சொல்லிச் சொல்லிப் போய் வந்தாள்." நான் அழவில்லை. பலர் முன்னால் எனக்கு அது வராது. வீடு திரும்பும்போது வலையிறவுப் பாலத்தில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த வருடத்து மதிப்பீடு என் மேசைக்கு வந்தது. பென்சிலின் ஊசி என்ற வரிக்கு நேரே, போன வருடம் கொடுத்த அளவு என்று ஒரு சின்ன எண். நான் அதை விட்டுவிட்டு, கிளினிக்கில் பதிந்தவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு எத்தனை ஊசி என்று பெருக்கி எழுதினேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் மூத்தவவான பெரிய அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டா.

"என்ன புள்ள, இது ஏறி நிக்குது?"

"போன வருசம் மருந்தில்லாம ஆக்கள் திரும்பினவங்க, அக்கா. தேவை இதுதான்."

"தேவை எண்டா எல்லாருக்கும் தேவைதான். இத அனுப்பினா விளக்கம் கேட்டுத் திரும்பி வரும். போன வருசத்துக்கு மேல பத்து வீதம் போட்டு அனுப்புங்க. எல்லாரும் அப்படித்தானே செய்ற."

நான் மாற்றவில்லை. கதைக்க வராதவளின் பிடிவாதத்துக்குக் குரல் தேவையில்லை. மாற்றாமல் இருந்தால் போதும். அது திரும்பித்தான் வந்தது. அதிகரிப்புக்கான காரணம் என்ற சின்னக் கட்டத்தில், மருந்து இல்லாத மாதங்களில் வந்து திரும்பியவர்களின் தேவை சேர்க்கப்பட்டுள்ளது என்று எழுதினேன். எங்கள் டொக்டர் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த முறை வெட்டிவிட்டார்கள். அடுத்த முறையும் அதையே எழுதினேன். இந்த வருடம் கேட்ட அளவுக்கு வந்திருக்கிறது. நான் எழுதிய காரணத்தால் வந்ததா, நாட்டில் மருந்து வரத் தொடங்கியதால் வந்ததா, எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் ஒரு நினைப்பு என்னை நித்திரை கொள்ள விடவில்லை. உன் கிளினிக்கிலும் யாரோ ஒருத்தி என்னைப்போல இருந்து பெருக்கியிருப்பாள். பதிந்தவர்களில் ஒருவர் குறைவு. ஆகவே அங்கே தேவை குறைவு. நீ இல்லாமல் போனதும் ஒரு மிச்சமாகத்தான் மேலே போயிருக்கும்.

பெட்டிகள் வந்து இறங்கிய நாளில் நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அடுத்த கிளினிக் நாளில் நோயாளிகள் இருக்கும் நீள வாங்கில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். பெரிய அக்கா வந்து பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றா. ஏளனமாக அல்ல, கவலையோடுதான் சொன்னா. "இது இப்படியே கிடந்தா, வருசம் முடிய, கேட்டு வாங்கிப் பழுதாக்கினது எண்டு நம்மளத்தான் எழுதுவாங்க. மறுகா வாற வருசம் வெட்டுறதுக்கு நாமளே கத்தி குடுத்த மாதிரி."

அவ சொன்னது சரி. நீ அன்று வகுப்பில் மருந்து இல்லாத வருடத்தைப் பற்றிச் சொன்னாய். மருந்து வந்த பிறகும் ஆட்கள் வராத வருடத்தைப் பற்றி நாம் யோசிக்கவில்லை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று கேட்டுக் களைத்துப் போனவர்கள், வருவதையே விட்டிருந்தார்கள்.

ஆகவே நான் கிளினிக் பதிவேட்டைப் பார்த்து, வராதவர்களுக்குக் கோல் எடுக்கத் தொடங்கினேன். சில இலக்கங்கள் வேலை செய்யவில்லை. சிலர், ஆஸ்பத்திரி என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஒரு தகப்பன் மாத்திரம் வைக்காமல் ஏசினார்.

"இப்பதான் எங்கட ஞாபகம் வந்ததா? என்ட மகளக் கூட்டிக்கொண்டு எத்தின தரம் அலைஞ்சன் தெரியுமா? அவள் நல்லாத்தான் இரிக்காள். இனி நாங்க வாறதில்ல."

அந்தச் சனிக்கிழமை அவருடைய ஊருக்கு ஸ்கூட்டியில் போனேன். இரண்டு பக்கமும் வயல் வெட்டி முடிந்திருந்தது. மகள் பாடசாலை இறுதி வகுப்புகளில் படிக்கிறவள். எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டவள், அந்தச் சின்னத் தூரத்துக்கே நின்று மூச்சு எடுத்தாள். அந்த மூச்சை நான் எங்கும் அடையாளம் கண்டுகொள்வேன். தகப்பன் கண்டும் காணாதவர்போல வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊசி இப்ப இரிக்கு, அண்ணன்" என்றேன்.

"அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும் இரிக்கு."

"அங்கால?"

வரும் என்று சொல்ல வாய் வந்தது. "தெரியாது" என்றேன். "இல்லாமப் போனா, நீங்க வெளிக்கிட முதல் நானே கோல் எடுத்து இல்லையெண்டு சொல்லுவன். வேற எவடத்தில இரிக்கெண்டும் கேட்டுச் சொல்லுவன். உங்கள வந்து பாக்கச் சொல்ல மாட்டன்."

அவர் மறுபடி வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள்தான் படலை வரை வந்து, "மிஸ், நோகுமா இன்னும்?" என்று மெல்லக் கேட்டாள். "ஓம், ரெண்டு நாளைக்கி இருக்க ஏலாது" என்றேன். அவள் சிரித்தாள்.

இன்று காலை அவர்கள் வந்தார்கள். தகப்பன் என் மேசைக்கு வந்து "வந்திட்டம்" என்று மாத்திரம் சொன்னார். டொக்டர் அவளுடைய நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு ஊசியைப் போடச் சொல்லிவிட்டு, மட்டக்களப்புக்கு இருதய ஸ்கேன் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். முன்பு ஒரு வால்வில்தான் சத்தம் இருந்தது, இப்போது இரண்டு வால்வுகளில் இருக்கிறதாம். வெளியே வந்த தகப்பன் என்னிடம்தான் கேட்டார், டொக்டரிடம் கேட்கப் பயந்து.

"இனி மாசா மாசம் விடாம வந்தா, பழையபடி வருமா தங்கச்சி?"

"பழையபடி வராது அண்ணன். இதுக்கு மேல போகாம நிக்கலாம்."

அவர் தலையாட்டினார். மகளின் கையைப் பிடித்து வாங்கில் இருத்தினார். அவள் ஒருபக்கமாகச் சரிந்து இருந்தாள்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று யாரும் கேட்டால் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. அந்நியர்களோடு கதைக்க எனக்கு இன்றைக்கும் வராது. இலக்கத்தை அழுத்திவிட்டு, எடுக்கமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறேன். ஆனால் வருடம் முடிய இன்னும் சில கிளினிக் நாட்கள்தான் இருக்கின்றன, வராதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வந்து போட்டால்தான் அவர்களுக்கு வருகிற வருடமும் ஊசி இருக்கும்.

மதியம் கிளினிக் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அடுத்த இலக்கத்தை அழுத்தினேன். மறுபக்கத்தில் ஒரு பெண் எடுத்து, "ஆர்?" என்றா.

"ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கிறன், அக்கா. வெச்சிராதீங்க" என்றேன்.